குடல்வால் நோய்க்கு சி.டி. ஸ்கேன்: எல்லைப்புறத் தமிழருக்கு எது அவசியம்?

வயிற்றுவலி யாருக்கும் எப்போதும் வரக்கூடியது. பெரும்பாலும் ஓமத் தண்ணீரிலோ, கடையில் வாங்கும் ஒரு மாத்திரையிலோ அது அடங்கிவிடும். அப்படி அடங்காத வலிகளில் முக்கியமான ஒன்று குடல்வால் அழற்சி. டாக்டர்கள் ‘அப்பெண்டிசைடிஸ்’ என்று சொல்லும் இந்நோய் எந்த வயதிலும் வரலாம் என்றாலும், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களையே அதிகம் பிடிக்கிறது. நகரத்தில் இருப்பவருக்கு இது ஓர் ஆபரேஷனோடு முடிந்துவிடும் விஷயம். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், அட்டப்பாடி, நெல்லியாம்பதி பகுதிகளிலும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு அது அவ்வளவு எளிதன்று. வலி வந்த இரவில் மலையின் எந்தப் பக்கம் இறங்குவது, எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருக்கிறது, எந்த மாநிலத்து அட்டை அங்கே செல்லும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் ஒரே நேரத்தில் விடை காண வேண்டியிருக்கிறது.

இதோடு அண்மைக் காலத்தில் ஓர் எண்ணமும் பரவியிருக்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் நோய் தெரியும், அந்த வசதி இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போவது வீண் என்பதே அது. இந்த எண்ணத்தில் பாதி உண்மை, பாதி தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பணமும் போகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரும்.

கை கண்டுபிடித்த நோய்

குடல்வால் நோய்க்கு மருத்துவ உலகில் தெளிவான உருவம் கிடைத்து ஒன்றரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886-ல் இந்நோயை விளக்கிப் பெயரிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் சர்ஜன் சார்லஸ் மக்பர்னி, வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் எந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலி உச்சமாக இருக்கும் என்பதைக் குறித்துக் காட்டினார். அந்த இடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1902 ஜூன் மாதம் லண்டனில் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடக்கவிருந்த சமயம். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு குடல்வால் பகுதியில் சீழ் கட்டி, அரண்மனையிலேயே ஆபரேஷன் நடந்தது. விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. மன்னர் பிழைத்தார். அன்று ஸ்கேன் கிடையாது. டாக்டரின் கையும் அனுபவமுமே நோயைக் கண்டுபிடித்தன.

ஆனால் கையால் மட்டும் பார்ப்பதில் ஒரு குறை இருந்தது. வலது கீழ்வயிற்றில் வலி தரும் நோய்கள் பல. சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல், பெண்களுக்குச் சூலகக் கட்டி, கருக்குழாயில் தங்கிய கரு, குழந்தைகளுக்கு நெறி கட்டுதல், நம் நாட்டில் டைபாய்டும் குடல் காசநோயும் கூட இதே இடத்தில் வலி தரும். சந்தேகத்தின் பேரில் வயிற்றைத் திறந்து, நல்ல குடல்வாலைக் கண்டு, அதையும் எடுத்துவிட்டு மூடுவது சாதாரணமாக இருந்தது. நூறு ஆபரேஷனில் பதினைந்து, இருபது இவ்வாறு அமைந்தாலும் தவறில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. காத்திருந்து குடல்வால் வெடித்துவிடுவதைவிட அது மேல் என்பதே காரணம்.

ஸ்கேன் கொண்டுவந்த மாற்றம்

இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் இயந்திரம், 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. இதற்காக அவருக்கும், கணித வழியில் அடிப்படை வகுத்த ஆலன் கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, அவற்றைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, ரொட்டித் துண்டுகள் போலக் குறுக்கு வெட்டுப் படங்களாகக் காட்டுவதே இதன் முறை.

குடல்வால் வீங்கி 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது, அதைச் சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி பரவியிருப்பது, உள்ளே கல் போன்ற பொருள் அடைத்திருப்பது, வெடித்துச் சீழ் கட்டியிருப்பது ஆகியவற்றை சி.டி. ஸ்கேன் காட்டிவிடுகிறது. நோய் இருக்கும் நூறு பேரில் சுமார் தொண்ணூற்றைந்து பேரை இது சரியாகக் கண்டுபிடிக்கிறது. பாஸ்டனில் நூறு நோயாளிகளிடம் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் பார்த்தபின் 59 பேருக்குச் சிகிச்சை முடிவே மாறியது. வேண்டாத ஆபரேஷனைத் தவிர்ப்பதால் ஸ்கேன் செலவைக் கழித்த பிறகும் மிச்சமே ஏற்பட்டது என்றும் அந்த ஆய்வு சொல்லிற்று.

நாள்கூலிக்காரருக்கு இது பெரிய விஷயம். வேண்டாத ஓர் ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிச் செலவோடு பல வாரக் கூலியும் போய்விடும். கொழுந்துக் கூடை சுமப்பவரும், கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளில் பாரம் தூக்குபவரும் ஆபரேஷன் முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்ப முடியாது. ஸ்கேனுக்குச் சில ஆயிரம் செலவானாலும், சந்தேகமான நிலையில் அது வீண் செலவாகாது.

எல்லோருக்கும் வேண்டுவதில்லை

ஆனால் வலி என்று வந்தவர் எல்லோரையும் இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதில்லை. 1986-ல் டாக்டர் ஆல்வரடோ என்பவர் பத்து மதிப்பெண் கொண்ட எளிய முறை ஒன்றை வகுத்தார். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்புறம் நகர்ந்ததா, பசி போயிற்றா, குமட்டலோ வாந்தியோ உண்டா, அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறதா, அழுத்திச் சட்டென்று கையை எடுத்தால் வலி கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவதே இம்முறை. இதற்கு ஒரு டாக்டரும், தெர்மாமீட்டரும், ரத்தப் பரிசோதனைக் கூடமும் போதும்.

உலக அவசர அறுவைச் சிகிச்சைச் சங்கம் 2020-ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இந்த வழியையே சொல்கின்றன. மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால் ஸ்கேன் இன்றிக் கவனித்து வரலாம். நாற்பது வயதுக்குக் குறைந்தவருக்கு எல்லா அறிகுறிகளும் தெளிவாக இருந்தால், ஸ்கேனுக்குக் காத்திராமல் சர்ஜன் முடிவெடுக்கலாம். இடைப்பட்டவர்களுக்கே படம் பெரிதும் பயன்படுகிறது. அவர்களுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டு. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் சி.டி. வயது கூடியவர்களுக்குக் குடலில் கட்டி இருந்தும் இதே வலி வரலாம் என்பதாலும், வலி வந்து பல நாள் ஆனவர்களுக்குச் சீழ் கட்டியிருக்கலாம் என்பதாலும் சி.டி.யின் தேவை அதிகம்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ட்ராசவுண்டே முதல் வழி. கர்ப்பிணிக்கு அதிலும் தெளிவு இல்லையெனில் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம்.

காரணம் கதிர்வீச்சு. வயிற்றுக்கு எடுக்கும் வழக்கமான ஒரு சி.டி. ஸ்கேனில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லி சீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக வருவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லி சீவெர்ட். அதாவது ஒரு ஸ்கேன் மூன்று, நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். வளர்ந்தவருக்கு ஒரு முறை எடுப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறக்குறைய பத்து லட்சம் இளம் வயதினரை ஆராய்ந்து 2023-ல் வெளியான அறிக்கை, பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வகை வரக்கூடும் என்று கணக்கிட்டது. ஆபத்து சிறிது. ஆனாலும் தேவையில்லாமல் ஏற்க வேண்டியதல்ல.

கதிர்வீச்சைக் குறைக்கவும் வழி உண்டு. தென்கொரியாவில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், வழக்கமான அளவில் நான்கில் ஒரு பங்கான 2 மில்லி சீவெர்ட் அளவிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். வேண்டாத ஆபரேஷன் நூற்றுக்கு 3.5. வழக்கமான அளவில் எடுத்தபோது 3.2. பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாக இயந்திரம் வாங்கும் ஆஸ்பத்திரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேரமும் தூரமும்

குடல்வால் வலி தொடங்கியவுடனே வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. நியூயார்க்கில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வின்படி, வலி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டோ அதற்கும் குறைவோதான். அதன்பின் ஒவ்வொரு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் ஆபத்து நிற்கிறது. எனவே முதல் நாளுக்குள் ஒரு சர்ஜன் கண்ணில் பட்டுவிடுவதே முக்கியம். அவர் பார்வையில் இருக்கும்போது ஸ்கேனுக்காகச் சில மணி நேரம் காத்திருப்பதால் பெரும்பாலும் கெடுதல் வராது. யார் பார்வையிலும் படாமல் லயத்திலேயே கழியும் மணி நேரங்களே கெடுதல் செய்கின்றன.

எல்லைப்புறத்தில் இந்த முதல் நாள் எப்படிக் கழிகிறது என்பதுதான் கேள்வி. எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு பகல். சொந்த ஊருக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் ஓர் இரவு. மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனிக்குப் போவது மலைப்பாதையில் பல மணி நேரப் பயணம். மேற்கே இறங்கினால் அடிமாலி, கோதமங்கலம், அதற்கப்பால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. மறையூர்க்காரருக்குச் சின்னாறு காட்டைக் கடந்தால் உடுமலைப்பேட்டை. குமுளிக்காரருக்கு மலை இறங்கினால் கம்பம். பாலக்காட்டுப் பக்கம் வாளையாரைத் தாண்டினால் கோவை. அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் கோவைதான் கிட்டம். பரம்பிக்குளம் கேரள மாநிலத்தில் இருந்தாலும், வாகனத்தில் அங்கே போய்வரத் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியே கதி. அங்குள்ளவர்களுக்குப் பொள்ளாச்சிதான் ஆஸ்பத்திரி ஊர்.

ஆகவே எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் உண்டு என்று முதலில் தேடுவது வழியல்ல. எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் இருக்கிறார்கள், அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதே முதல் கேள்வி. அருகிலுள்ள தாலுகா ஆஸ்பத்திரியில் சி.டி. இல்லாவிட்டாலும், டாக்டர் கையால் பார்த்து, ரத்தம் பரிசோதித்து, சலைன் ஏற்றி, ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கி, எழுத்து மூலம் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதுவே பாதி வைத்தியம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற ஒரே எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் கிடைக்கிறது.

வீட்டில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வயிறு சுத்தமானால் வலி போகும் என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பது இந்நோயில் ஆபத்து. கடுமையாக இருந்த வலி திடீரென்று குறைந்தால் நோய் தீர்ந்தது என்றும் நம்பிவிடக்கூடாது. குடல்வால் வெடித்தாலும் சிறிது நேரம் வலி தணியும். பிறகு வயிறு முழுவதும் பரவும்.

ஆபரேஷன் இல்லாமல் ஆன்டிபயாடிக்கிலேயே தீரும் என்ற செய்தியும் இப்போது பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. குடல்வாலில் கல் இருந்தவர்களில் இது நூற்றுக்கு 41. ஸ்கேன் எடுத்துக் கல் இல்லை, வெடிக்கவில்லை என்று தெரிந்து, வலி திரும்பினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வசதி உள்ளவருக்கே அந்த வழி பொருந்தும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘பனி உண்டோ?’

மலைப்பகுதியில் பழகிய டாக்டர்களுக்குத் தமிழ் தெரியும். சமவெளி ஆஸ்பத்திரியில் அப்படி எதிர்பார்க்க முடியாது. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘பனி உண்டோ?’ என்று டாக்டர் கேட்க, புதிதாக வந்த தமிழர் மூணாற்றுப் பனியை நினைத்து ‘உண்டு’ என்றால், இல்லாத காய்ச்சல் சீட்டில் ஏறிவிடும். ‘சர்தி’ என்றால் வாந்தி. மதிப்பெண் போடும் முறை முழுவதும் நோயாளி சொல்லும் பதிலை நம்பியிருப்பதால் இது சிரித்து விடக்கூடிய விஷயமல்ல. வலி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தொடங்கி எங்கே நகர்ந்தது என்பதை விரலால் தொட்டுக் காட்டி விளங்கச் சொல்ல வேண்டும். பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் மறைக்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்கேனுக்கு முன் சாய ஊசி போடும்போது அதைத் தெரிவிப்பது அவசியம்.

எந்த மாநிலத்து அட்டை?

செலவு விஷயத்தில் எல்லை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கேரளத்தில் 2019-ல் தொடங்கிய காருண்ய ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டத்தில், தகுதி பெற்ற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டையை ஒட்டியது. வேலை கேரளத்தில், ரேஷன் கார்டு தேனியிலோ கோவையிலோ என்றிருப்பவர் எந்தப் பக்கம் போனால் எது செல்லும் என்பதை நோய் வந்த இரவில் தெரிந்துகொள்ள முடியாது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று கேரள அரசு 2017-ல் ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது அதன் சிகிச்சை வரம்பு 15,000 ரூபாய். கடை, கம்பெனிகளில் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் தங்கள் டிஸ்பென்சரி எது, அது அனுப்பும் ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு வீண் செலவும் உண்டு. ஒரு பக்கம் எடுத்த ஸ்கேனை எல்லை தாண்டியதும் மறுபடி எடுப்பது. படமும், சி.டி. தகடும், எழுதிய அறிக்கையும் கையில் இருந்தால் பல நேரம் மறு ஸ்கேன் தேவைப்படாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதோ மாற்றி அனுப்பும்போதோ இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியது

எல்லைப்புற ஊர்களுக்கு சி.டி. இயந்திரம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் இயந்திரம் மட்டும் வந்தால் போதாது என்பதற்கு இடுக்கியே உதாரணம். அங்கு 2014-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. வசதிக் குறைவால் 2016-ல் மாணவர் சேர்க்கை நின்றது. 2022-ல்தான் 100 இடங்களுடன் மீண்டும் தொடங்கிற்று. பெயர்ப்பலகை வைத்த நாளிலேயே ஆஸ்பத்திரி உருவாகிவிடுவதில்லை. ஸ்கேன் இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, தடையில்லா மின்சாரம், இயக்குபவர், படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் என்று எல்லாம் வேண்டும். மலையில் கதிரியக்க டாக்டர் கிடைக்காவிட்டால், படத்தைக் கம்ப்யூட்டர் வழியே கோட்டயத்துக்கோ திருச்சூருக்கோ அனுப்பிச் சில மணி நேரத்தில் அறிக்கை பெறலாம். ஆபரேஷன் செய்யும் கையை அப்படி அனுப்பிப் பெற முடியாது. ஆகவே இரவு நேரச் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்டு ஆகியவை முதலில், சி.டி. அதற்கு அடுத்து என்ற வரிசை மாறக்கூடாது.

‘பக்கத்தில் தமிழ்நாடு இருக்கிறதே’ என்று கேரளமும், ‘அது கேரளத்தின் பொறுப்பு’ என்று தமிழ்நாடும் விட்டுவிடுவதற்கும் இடமில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு வெளியுலகத் தொடர்பு அற்றுத் தனித்து நின்றது. 2020-ல் கொரோனாக் காலத்தில் எல்லைச் சாவடிகளிலேயே மக்கள் தடுக்கப்பட்டனர். மழைக்காலந்தோறும் மண்சரிவு வந்து பாதை மூடுகிறது. அத்தகைய நாட்களில் மலைக்கு மேலேயே ஒரு குடல்வால் ஆபரேஷன் நடக்கும் வசதி இருக்க வேண்டும்.

மற்ற நாட்களுக்கு இரு மாநில சுகாதாரத் துறைகளும் பேசி முடிவு செய்யக்கூடியவை மூன்று. எல்லை மாவட்ட ஆஸ்பத்திரிகள் ஒன்றன் ஸ்கேன் அறிக்கையை மற்றொன்று ஏற்றுக்கொள்வது. அவசர நோயாளி விஷயத்தில் முதலில் சிகிச்சை, பிறகு அட்டை என்ற ஏற்பாடு. எந்த ஆஸ்பத்திரியில் இரவில் எந்த டாக்டர் உண்டு என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எஸ்டேட் ஆபீஸ்களிலும் பஸ் நிலையங்களிலும் எழுதி வைப்பது. இவற்றில் கடைசியானதற்குப் பெரிய செலவே கிடையாது. தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் முன்வந்தால் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பட்டியல் லயத்துச் சுவரில் இருந்தால், வலி வந்த இரவில் எங்கே போவது என்ற முதல் கேள்விக்காவது உடனே விடை கிடைத்துவிடும்.